எஞ்சின் விளக்கு எரிந்தால் எதை மாற்ற வேண்டும்?

கொழும்பு புறக்கோட்டையில் சரக்கு ஏற்றிக்கொண்டு, அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல என்று ஏ-7 வீதியில் ஏறி கினிகத்தேனைக்கு வந்து சேரும் வேனோ சிறிய லொறியோ எமது பிரதேச வியாபாரிக்குச் சாதாரணப் பொருளல்ல. கடைக்கும் சரக்குக்கும் அடுத்தபடியாக அவரது பெரிய முதலீடு அதுவே. வாகனம் ஒரு நாள் கராஜில் நின்றால் அன்றைய வியாபாரத்தில் பாதி நின்றுவிடுகிறது.

அந்த முதலீட்டின் பெறுமதி அண்மைய வருடங்களில் இன்னும் கூடியிருக்கிறது. 2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருட காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை கடுமையாக உயர்ந்தது. மாற்றியிருக்க வேண்டிய வாகனத்தையே பலரும் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். இன்றும் எமது வீதிகளில் ஓடுவதில் பெரும்பகுதி வயதான வாகனங்களே.

இப்படியான வாகனத்தில் ஒரு நாள் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. நம்மவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு சாரார் "வண்டி ஓடுகிறதுதானே" என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். மறு சாரார் உடனே கராஜுக்குப் போய், ஸ்கேன் செய்து, மெக்கானிக் சொல்லும் சென்சரை வாங்கிப் போடுகிறார்கள். அடுத்த கிழமை அதே விளக்கு மீண்டும் எரிகிறது. இரண்டுமே நட்டம். இவற்றிலிருந்து தப்புவதற்கு, அந்த விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை வாகனச் சொந்தக்காரர் அறிந்திருந்தாலே போதும்.

விளக்கு ஏன் வைக்கப்பட்டது?

இந்த விளக்கு முதலில் வைக்கப்பட்டது எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக அல்ல, புகையைக் கட்டுப்படுத்துவதற்காக என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் காரணம் என்று 1950களில் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் வந்த சட்டங்களால் 1975ஆம் ஆண்டு முதல் அங்கு விற்கப்பட்ட கார்களில் கட்டலிட்டிக் கன்வேர்ட்டர் பொருத்தப்படத் தொடங்கியது. சைலன்சருக்கு முன்னால் இருக்கும் இந்தப் பெட்டிக்குள் தேன்கூடு போன்ற ஓர் அமைப்பு உண்டு. அதில் பூசப்பட்டுள்ள பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் நச்சுவாயுக்களைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகின்றன.

ஈயம் கலந்த பெற்றோல் இந்த உலோகப் பூச்சைச் செயலிழக்கச் செய்துவிடும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட பின்னரே கன்வேர்ட்டர் பொருத்திய வாகனங்கள் இங்கு முறையாக இயங்க வழி பிறந்தது.

கன்வேர்ட்டரும் அதைச் சார்ந்த சென்சர்களும் பழுதடைந்தால் சாரதிக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக 1996ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் ஓபிடி-2 என்ற பொதுவான சுயபரிசோதனை முறை கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் ஐரோப்பாவும் ஜப்பானும் இந்தியாவும் இதையொத்த விதிகளைக் கொண்டு வந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட சொக்கெட் ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஸ்கேனர் பொருத்தப்படுவது அதில்தான்.

குறியீடு ஒரு சாட்சி மட்டுமே

ஸ்கேன் செய்ததும் பி0171, பி0301, பி0420 என்று ஒரு குறியீடு வரும். "பி" என்பது எஞ்சினும் கியர் பெட்டியும் சார்ந்தது என்பதைக் குறிக்கும். அடுத்த எண் பூச்சியமாயின் எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான குறியீடு. ஒன்றாயின் பெரும்பாலும் அந்தக் கம்பனிக்கே உரியது.

இங்கேதான் பணம் வீணாகிறது. குறியீடு எந்தப் பாகம் பழுது என்று சொல்வதில்லை. எந்த அளவீடு வழமைக்கு மாறாக இருக்கிறது என்றே சொல்கிறது. கடையில் கணக்கு உதைக்கிறது என்று காசாளர் முறையிட்டால் உடனே காசாளரை வேலையை விட்டு நிறுத்துவோமா? முதலில் எங்கே பிழைத்தது என்றுதானே பார்ப்போம். சென்சரும் அந்தக் காசாளரைப் போன்றதே. பிழையை அறிவித்த சென்சரையே குற்றவாளியாக்கிக் கழற்றி எறிந்தால், உண்மையான பிழை உள்ளேயே இருக்கும்.

அடிக்கடி வரும் மூன்று குறியீடுகளை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது பி0301. முதலாம் சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை என்பது இதன் பொருள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. காரணம் ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம், இக்னிஷன் கொயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், கொம்பிரஷன் குறைவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உள்ள வாகனங்களில் இதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, முதலாம் சிலிண்டரின் கொயிலையும் இரண்டாம் சிலிண்டரின் கொயிலையும் இடம் மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு பி0302 ஆக மாறினால் கொயிலே பழுது. மாறாமல் பி0301 ஆகவே வந்தால் கொயில் நல்லது, அடுத்ததாகப் பிளக்கை இவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். நான்கு கொயில்களையும் புதிதாக வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது பி0171. காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்பது இதன் பொருள். ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இந்த விகிதம் குழம்பும்போது கணினி பெற்றோலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது. அந்தத் திருத்தத்தின் வீதம் ஸ்கேனரில் தெரியும். அது 10 வீதத்துக்குள் நின்றால் பொதுவாகக் கவலை இல்லை. 20, 25 வீதம் என்று உயர்ந்தால் எங்கோ கோளாறு. எங்கே என்று அறிய அந்த எண்ணை இருமுறை பார்க்க வேண்டும். எஞ்சின் சும்மா ஓடும்போது எண் உயர்ந்திருந்து, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கினால், வெடித்த வெக்கூம் குழாய் ஒன்றின் வழியாகக் காற்று களவாக நுழைகிறது என்று ஊகிக்கலாம். மாறாக, ஏற்றம் ஏறும்போது எண் உயர்ந்துகொண்டே போனால், பெற்றோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது காற்றை அளக்கும் சென்சரில் தூசு படிந்திருக்கலாம். மலிவான ஒரு ரப்பர் குழாய்க்காக விலையுயர்ந்த ஒட்சிசன் சென்சரை மாற்றிவிட்டு ஏமாறுவது இந்தக் குறியீட்டில்தான் அதிகம்.

மூன்றாவது பி0420. கன்வேர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். கன்வேர்ட்டருக்கு முன்னால் ஒரு ஒட்சிசன் சென்சரும் பின்னால் ஒன்றும் இருக்கும். வழமையான வகையில், முன் சென்சரின் வோல்ற்று 0.1 இற்கும் 0.9 இற்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கன்வேர்ட்டர் நலமாக இருந்தால் பின் சென்சர் பெரிதாக அசையாமல் நிற்கும். பின் சென்சரும் முன் சென்சரைப் போலவே ஆடினால் கன்வேர்ட்டர் தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் சைலன்சர் குழாயில் ஓட்டை இருக்கிறதா, எஞ்சின் ஒயில் எரிக்கிறதா, சிலிண்டரில் எரிதல் தவறுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கன்வேர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. எஞ்சினின் வேறொரு நோய்தான் அதைக் கொல்கிறது. அந்த நோயைக் குணப்படுத்தாமல் புதிய கன்வேர்ட்டர் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

எரியும் விளக்கும் மின்னும் விளக்கும்

விளக்கு நிலையாக எரிந்து, எஞ்சின் வழமை போல் இழுத்தால், கடையை மூடிவிட்டு ஓட வேண்டியதில்லை. சில நாட்களுக்குள் ஸ்கேன் செய்தால் போதும். பெற்றோல் தாங்கியின் ஆவிக் கசிவைச் சோதிக்கும் வசதி உள்ள வாகனமாயின் முதலில் தாங்கியின் மூடியைப் பாருங்கள். மூடி சரியாக இறுகாததனாலேயே விளக்கு எரிவதுண்டு. இறுக்கிய பின்னர் சில பயணங்களில் அது தானாக அணைந்துவிடும்.

விளக்கு விட்டு விட்டு மின்னினால் விடயம் வேறு. எரியாத பெற்றோல் கன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்பதே அதன் பொருள். அந்த வெப்பத்தில் உள்ளேயுள்ள தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். பாரம் ஏற்றிய வேனை அந்த நிலையில் கித்துல்கலவிலிருந்து கினிகத்தேனை வரை இழுத்து ஏற்றுவது, ஒரு கொயிலின் செலவில் முடிய வேண்டியதைக் கன்வேர்ட்டரின் செலவாக்கிவிடும்.

சிவப்பு நிறத்தில் ஒயில் விளக்கோ வெப்ப விளக்கோ எரிந்தால் ஆலோசனைக்கே இடமில்லை. அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

மலைநாட்டுக்கே உரிய காரணங்கள்

தாழ்நிலத்தில் தெரியாத பல குறைகள் எமது வீதிகளில் வெளிப்படுகின்றன. கொயிலோ பெற்றோல் பம்போ சற்றுத் தளர்ந்திருந்தால் சமதரையில் எதுவும் தெரியாது. பாரத்தோடு சிறிய கியரில் ஏறும்போதுதான் எஞ்சின் திணறி விளக்கு எரியும். கராஜ்காரர் வாகனத்தைச் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "ஒன்றுமில்லை" என்று தருவது இதனாலேயே. ஆகவே எந்த இடத்தில், எந்த கியரில், மழையிலா வெயிலிலா, எஞ்சின் சூடாகிய பின்னரா முன்னரா என்பதை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். குறியீடு பதிவான அந்தக் கணத்தில் இருந்த வேகம், எஞ்சின் சுற்று, வெப்பம், பாரம் ஆகியவற்றைக் கணினியும் சேமித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் அந்தப் பதிவும் அழிந்துவிடும். எனவே "முதலில் அழித்துப் பார்ப்போம்" என்று சொன்னால், "அதற்கு முன் அந்தப் பதிவை எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள்.

அடுத்தது உயரம். ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. கடல் மட்டத்தோடு ஒப்பிடும்போது ஹட்டனில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கும், நுவரெலியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் குறைவு. கணினி உள்ள வாகனங்கள் இதை அளந்து பெற்றோலைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும். காபரேட்டர் உள்ள பழைய கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் அந்த வசதி இல்லை. கொழும்பில் சரிபார்த்த காபரேட்டர் மேலே வரும்போது தேவைக்கு அதிகமாகப் பெற்றோல் ஊற்றும். கறுப்புப் புகையும் வீண் செலவும் அதன் விளைவு.

மூன்றாவது மழை. எமக்கு அருகிலுள்ள வட்டவளை, இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. வயர் இணைப்புகளில் ஈரம் புகுந்து பச்சைப் பாசம் பிடிப்பதும், கொயிலின் வெடிப்பு வழியாக மின்சாரம் கசிவதும் இங்கே சாதாரணம். கடைக்குப் பின்னால் அரிசி, மா மூட்டைகளுக்கு அருகே வாகனத்தை நிறுத்துபவர்களுக்கு எலி இன்னொரு தொல்லை. சென்சர் வாங்குவதற்கு முன் அதற்குப் போகும் வயரை முழு நீளத்துக்கும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவு இல்லை.

புகைப் பரிசோதனையும் மஞ்சள் விளக்கும்

எமது நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை 2008ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டுப் படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு இந்தச் சான்றிதழ் தேவை. பெற்றோல் வாகனங்களில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபன்களும் அளக்கப்படுகின்றன. டீசல் வாகனங்களில் எக்ஸலரேட்டரை விரைவாக அழுத்திப் புகையின் அடர்த்தி அளக்கப்படுகிறது. அதாவது, பரிசோதனை பார்ப்பது குழாயில் வெளிவருவதை. எஞ்சின் விளக்கு பார்ப்பது உள்ளே நடப்பதை. விளக்கு எரியும் வாகனம் சித்தியடைவதும், விளக்கே இல்லாத பழைய டீசல் லொறி தவறுவதும் இதனால்தான். சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதற்காக விளக்கை மறந்துவிடக் கூடாது.

பழைய டீசல் வாகனத்தில் புகையின் நிறமே எச்சரிக்கை விளக்கு. கறுப்புப் புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம். எயார் ஃபில்டர், இன்ஜெக்டர் நொசில், புகையை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் அது நீராவி. எஞ்சின் சூடான பின்னரும் தொடர்ந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

சிலர் பரிசோதனைக்கு முதல் நாள் டீசல் பம்பை இறக்கி வைத்து, சான்றிதழ் பெற்ற மறுநாள் மீண்டும் ஏற்றிக்கொள்கிறார்கள். இதையே பெரிய அளவில் செய்து மாட்டிக்கொண்டது ஜேர்மனியின் வோக்ஸ்வேகன் கம்பனி. பரிசோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை அது தன் டீசல் கார்களில் வைத்திருந்தது. 2015 செப்டெம்பரில் அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இதைப் பகிரங்கப்படுத்தியது. உலகம் முழுவதும் சுமார் ஒரு கோடி பத்து இலட்சம் வாகனங்கள் சம்பந்தப்பட்டிருந்தன. அந்தக் கம்பனி கட்டிய அபராதம் எமக்கு வராது. ஆனால் வருடம் முழுவதும் வீணாக எரியும் டீசலுக்கு நாம் கட்டும் காசும், கடைத்தெருவில் எமது பிள்ளைகள் சுவாசிக்கும் புகையும் அபராதம் அல்லாமல் வேறென்ன?

வாங்கும்போதும் விற்கும்போதும்

பாவித்த வாகனம் வாங்கப் போகும்போது இந்த அறிவு மிகவும் உதவும். சாவியை ஓன் (ON) நிலைக்குத் திருப்பியதும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமுன் மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் பல்பு கழற்றப்பட்டிருக்கலாம், அல்லது மறைக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்து ஸ்கேனர். குறியீடு எதுவும் இல்லை என்பதைப் பார்த்து மட்டும் திருப்தியடைய வேண்டாம். காலையில் அழித்துவிட்டு மாலையில் காட்டலாம். குறியீட்டை அழிக்கும்போது கணினி தன் சுயபரிசோதனைகளையும் முதலிலிருந்து தொடங்குகிறது. அவை முடிவதற்குப் பல பயணங்கள் பிடிக்கும். எனவே சுயபரிசோதனைகள் பலவும் "முடியவில்லை" என்று ஸ்கேனர் காட்டினால், அண்மையில் குறியீடு அழிக்கப்பட்டது அல்லது பற்றரி கழற்றப்பட்டது என்று பொருள். அழித்த பின்னர் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதையும் பல வாகனங்கள் காட்டும். விற்பவர் "ஒரு வருடமாக ஒரு கோளாறும் இல்லை" என்று சொல்ல, அந்த எண் 12 கிலோமீற்றர் என்று காட்டினால், பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

வாகனத்துக்குக் கீழேயும் குனிந்து பாருங்கள். உள்ளேயுள்ள உலோகங்களுக்கு விலை உண்டு என்பதால் கன்வேர்ட்டரைக் கழற்றி விற்றுவிட்டு, வெறும் குழாயைப் பொருத்தி, பின் சென்சரை ஏமாற்றும் வேலை நடக்கிறது. அப்படிச் செய்த வாகனத்தின் விளக்கு கன்வேர்ட்டரைப் பற்றி வாய் திறக்காது.

இது விற்பவருக்கும் பொருந்தும். குறியீட்டை அழித்து விற்பது பொருளின் குறையை மறைத்து விற்பதே. எடையில் மோசடி செய்யக்கூடாது என்று கடையில் பேணும் அதே ஒழுங்கை வாகனம் விற்கும்போதும் நாம் பேண வேண்டும். "இந்த விளக்கு எரிகிறது, காரணம் இது, அதற்காக விலையில் இவ்வளவு குறைக்கிறேன்" என்று சொல்லி விற்பவருக்குப் பின்னர் கடை வாசலில் வழக்கு வராது.

கராஜில் கேட்க வேண்டியவை

கையடக்கத் தொலைபேசியோடு இணையும் சிறிய ஸ்கேனர்கள் இன்று குறைந்த விலையில் கிடைக்கின்றன. நான்கைந்து வியாபாரிகள் சேர்ந்தே ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது மெக்கானிக்கின் வேலையைச் செய்யாது. ஆனால் கராஜுக்குப் போகுமுன் குறியீட்டை எழுதிக்கொள்ள உதவும்.

கராஜில் மூன்று கேள்விகள் கேளுங்கள். குறியீடு என்ன? அது பதிவானபோது எஞ்சின் எந்த நிலையில் இருந்தது? இந்தப் பாகம்தான் பழுது என்பதை எந்தச் சோதனையால் கண்டீர்கள்? மூன்றாவது கேள்விக்கு "ஸ்கேனர் சொன்னது" என்பது பதிலாகாது. "கொயிலை மாற்றிப் பார்த்தேன், குறியீடும் கூடவே போனது" என்பது பதில். அப்படிப் பதில் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால், சோதனைக்கு அவர் கேட்கும் கூலியை மனமுவந்து கொடுங்கள். தேவையற்ற ஒரு சென்சரின் விலையோடு பார்த்தால் அந்தக் கூலி மலிவானது. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி, எந்தத் திகதியில், எத்தனை கிலோமீற்றரில், என்ன மாற்றப்பட்டது என்பதைக் கடைக் கணக்கைப் போலவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை விளக்கு எரியும்போது அந்தக் கொப்பியிலிருந்தே தேடலைத் தொடங்கலாம்.